கண்மாய்த் தண்ணீரும் அப்பாவின் காலும்

மே 5, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. கீரனூரில் பஸ் ஏறியது முதல் திருச்சி லேப் வரை ஐஸ் பெட்டி மடியில். உள்ளே எங்கள் ஊர்க் கண்மாயில் செத்து மிதந்த கெண்டையும் கெளுத்தியும். வயிற்றில் சிவப்புப் புண். பக்கத்து சீட்டு அம்மா, "என்ன மீனு, விக்கிறதுக்கா?" என்றார். நோய் வந்த மீன், ஆராய்ச்சிக்கு என்றேன். தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஊர்க் கூட்டம் முடிந்ததாம். ஞாயிறு மீன்பிடித் திருவிழா. கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசித் தொடங்கிவைப்பது இந்த வருடமும் அப்பா. வீசியதும் முதல் ஆளாக இறங்குவதும் அவர்தான். அவருக்குச் சுகர். இடது உள்ளங்காலில் மாசக்கணக்கில் ஆறாத புண்.

மே 7, வியாழன்

மீனில் வளர்ந்தது ஏரோமோனாஸ். இது செய்தியே இல்லை, அந்த பாக்டீரியா எந்தக் குளத்திலும் இருக்கும். நோய் உண்டாக்கும் ஜீன்கள் அதனிடம் உண்டா என்பதுதான் கேள்வி. பி.சி.ஆர். போட்டு ஜெல்லில் பார்த்தேன். உண்டு. ரத்த அணுவை உடைக்கும் நஞ்சுக்கு ஒன்று. செல்லில் ஓட்டை போடும் நஞ்சுக்கு ஒன்று. தசையைக் கரைப்பதற்கும். பட்டை பட்டையாகப் பளிச்சென்று. ஆராய்ச்சிக்காரிக்கு அருமையான ரிசல்ட். நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன், ஊரில் காட்ட.

கைடு மேடம்: "ஜீன் இருக்குறதாலேயே எல்லாருக்கும் நோய் வந்துடாதும்மா."

எல்லாருக்கும் வராது, சரி. புண்ணோடு இறங்குகிறவருக்கு?

மறக்காமல்: பஸ் பாஸ், தயிர், அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

மே 8, வெள்ளி

ஊர்த் தலைவர் மாமாவிடம் சொன்னேன். நிறுத்த முடியாதாம். "மீனப் புடிச்சாத்தான் மழ பேயும்னு நம்புற ஊரு. வேக வச்சா எல்லாம் செத்துரும்ல?"

வெந்தால் செத்துவிடும், தண்ணீரும் சேறும் வேகாதே என்றேன். புண் உள்ளவர்கள் இறங்க வேண்டாம் என்று மைக்கில் சொல்கிறேன் என்றார். அவ்வளவுதான் கிடைத்தது.

வீட்டில் அழுதேவிட்டேன். அப்பா உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு: "சரித்தா. துண்ட வீசிட்டுக் கரையிலயே நிக்கிறேன். போதுமா?"

மே 10, ஞாயிறு

மேகமூட்டம், புழுக்கம். விடியும் முன்பே இலுப்பூர்ப் பக்கமிருந்தெல்லாம் ஜனம். வலை, மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடை, கொசுவலை, ஒருவர் கையில் பழைய சேலை. அப்பா துண்டை வீசினார். கூட்டமே கண்மாய்க்குள் பாய்ந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்தபடி நின்றேன். இறங்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

இன்று பிடித்ததை விற்கக் கூடாது, பிடிக்காத வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம். அப்பா இறங்காததால் எங்கள் வாசலுக்கு வாளி வாளியாக வந்தது. "அண்ணே இந்த வருஷம் எறங்கலைல, இந்தாங்க மதினி." அம்மாவுக்குப் பூரிப்பு. சாம்பல் தொட்டுக் கல்லில் உரசி அத்தனையும் ஆய்ந்தார். நான் உள்ளே அப்பாவின் காலைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். குழம்பு பிரமாதம். இந்த வாரத்தில் இன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மே 11, திங்கள்

அம்மா காபியை இடது கையால் நீட்டினார். வலது கட்டைவிரல் வீங்கி, கருநீலம். மேலே மஞ்சள் பற்று. உடம்பு கொதிக்கிறது.

"கெளுத்தி முள்ளு குத்திருச்சு. வருஷா வருஷம் குத்துறதுதானே. இதப் போயிச் சொல்லணுமா?"

வாரம் முழுக்க ஒரு காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கை இருப்பது என் புத்தியில் இல்லை.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. இளம் டாக்டர். ஜெல் படத்தையும், அந்த பாக்டீரியா எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று சோதித்த தட்டின் படத்தையும் போனில் காட்டினேன். எரிந்து விழுவார் என்று பயம். நிதானமாகப் பார்த்து மருந்தை மாற்றி எழுதினார். அம்மாவின் முன்கையில் சிவப்பு முடிகிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு. "இதத் தாண்டுனா ஒடனே கூப்புடுங்க."

அப்பா வராந்தாவில். "நானே எறங்கியிருக்கலாம்" என்கிறார், திரும்பத் திரும்ப அதையே.

ட்ரிப் பாதி ஏறியிருக்கிறது. அம்மா தூங்குகிறார். கோட்டுக்கு அந்தப் பக்கமும் தோல் மினுமினுக்கிறது. ட்யூப்லைட் வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன், சுடுகிறது. நர்ஸைக் கூப்பிடப் போகிறேன்.