ஞானப்பூ வீட்டுக்குப் போன பிடியரிசி

மைனி,

இன்று காலையில் அரிசி களையும் முன், வழக்கம்போல ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்து உங்கள் ஓலைப்பெட்டியில் போட்டேன். ஞாயிறுதோறும் வேதக்கோயிலில் கொண்டு கொட்டுகிற பிடியரிசி. பெட்டியைத் திறந்ததும் பனையோலையும் அரிசியும் கலந்த மணம் வந்தது. நீங்கள் கண்மூடி இரண்டு மாதம் ஆகிறது. அழுகைதான் வரும் என்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இதே பெட்டியை நீங்கள் காலியாகக் கோயிலுக்குக் கொண்டுபோனீர்களே, அது ஞாபகம் வந்தது.

அந்த வருஷம், அண்ணன் வீட்டில் உங்களோடு நான் இருந்தபோது, அருமனையிலிருந்து எனக்கு வந்த கல்யாணப் பேச்சு முறிந்துபோயிருந்தது. எனக்குக் காக்காய்வலிப்பு என்று மார்த்தாண்டம் சந்தையில் வைத்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் பொய் சொன்னவள் பக்கத்து வீட்டு ஞானப்பூ. பிறகு மழைக்காலத்தில் அவளே குளிர்காய்ச்சலில் விழுந்தாள். புருஷன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். சின்னப் பிள்ளைகள் மூன்று. அவள் நாக்குக்குப் பயந்து யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

நம் வீட்டிலும் அரிசி தீர்ந்து மரச்சீனிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சனிக்கிழமை நீங்கள் பிடியரிசியை எடுத்துப் பானையில் கவிழ்த்தீர்கள்.

"மைனி, அது ஆண்டவருக்குள்ள அரிசியாக்கும்!"

"ஆண்டவருக்குத்தான் ஏட்டி குளிர்காய்ச்சல். பக்கத்து வீட்டுல கெடந்து நடுங்குதாரு. நீ தீயத் தள்ளு."

"அவளுக்கா? நான் மாட்டேன்."

"செரி, பிள்ளியளுக்கு மட்டும் தள்ளு. அவளுக்குள்ளத நான் தள்ளிக்கிடுதேன்."

ஒரே அடுப்பில் எப்படிப் பிரித்துத் தள்ளுவது? தள்ளினேன்.

நீங்கள் கொண்டுபோக, பின்னாலேயே நானும் போனேன். ஞானப்பூ கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு, "உப்பு பத்தாது" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கேட்டியளா மைனி!" என்றேன். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "நாக்கு பெழச்சிட்டு. இனி ஆளும் பெழச்சுக்கிடுவா."

மறுநாள் கோயிலில் பெண்கள் எல்லோரும் அரிசி கொட்ட, நீங்கள் வெறும் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினீர்கள்.

"என்னம்மோ, இந்த வாரம் ஒங்க வீட்ல உலையே வைக்கலியா?" என்றார் மணியடிக்கிற பெரியவர்.

"வச்சேன் பாட்டா. ஆண்டவரு நேர்லயே வந்து குடிச்சிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஞானப்பூவின் பெயரை நீங்கள் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை உங்களுக்கு வயலில் நடவு. கடன் வாங்கின அரிசியில் கஞ்சி காய்ச்சி இறக்கினீர்கள். "கஞ்சிய நீ கொண்டுபோறியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டீர்கள். பானையோடு அவள் முற்றத்தில் வெகுநேரம் நின்றேன். கடைசிப் பிள்ளை என்னைக் கண்டு, "அம்மா, கஞ்சிக்கார அக்கா வந்திருக்கு!" என்று கத்தியது. அதன்பிறகு எப்படித் திரும்புவது? உள்ளே போனேன். அவள் கை நடுங்கியதால் நானே ஊட்டினேன். அவள் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில், அவளைத் திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளைத் தேடினேன், மைனி. ஒன்றுகூட அகப்படவில்லை.

பிறகு இரணியலில் எனக்கு நல்ல இடம் அமைந்து இங்கே வந்தேன். இங்கும் எதிர்வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். கிணற்றடியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நேற்று அவள் மகளுக்குப் பிரசவம் ஆனதாம். கருப்பட்டியும் சுக்கும் இடித்து வைத்திருக்கிறேன். "அவ மொகத்தப் பாத்துட்டுக் குடுத்தா அது யாவாரம் ஏட்டி" என்பீர்களே, இந்தப் பெட்டியைத் தவிர அது ஒன்றுதான் உங்களிடமிருந்து நான் தூக்கிக்கொண்டு திரிவது. அவள் வாங்குவாளோ, கதவைச் சாத்துவாளோ, தெரியாது. வெயில் ஏறுமுன் போய்த் தட்டப்போகிறேன்.