வலப்பக்கம் எழுதிய வகுத்தல்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமென்று நம்பியே தொடங்குகிறேன். இங்கும் சுகமே என்று எழுத ஆசைதான், பேனா நகர மறுக்கிறது. உன் அப்பா இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிடுகிறார், என்மேல் கோபித்துக்கொள்வதை மட்டும் வேளை தவறாமல் செய்கிறார்.

கணக்கு டீச்சர் கிடைக்காமல், ஓய்வுபெற்ற என்னைப் பள்ளியில் திரும்ப அழைத்தது உனக்குத் தெரியும். வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள், அவர்கள் வீடுகளில் ஆறு மொழிகள். நீ பிழைக்கப் போன நாட்டிலிருந்து இங்கே பிழைக்க வந்த டைல்ஸ்காரரின் மகளும் அதில் ஒருத்தி, பதினொரு வயது. வகுத்தல் தேர்வில் பத்துக் கணக்கிலும் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதி, விடையை அதன் கீழே போட்டிருந்தாள். நாற்பது வருட அனுபவத் திமிரில் தாள் முழுக்கச் சிவப்புக் கோடு இழுத்து, படிப்பு வராது, இரண்டு வகுப்பு கீழே உட்கார வையுங்கள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். போன வாரம் தாள்களைக் கட்டி வைக்கையில் கண்ணில் பட்ட ஓர் ஈவைச் சும்மா சரிபார்த்தேன், சரி, அடுத்ததும் சரி, பத்தும் சரி. அவர்கள் ஊரில் அப்படித்தான் எழுதுவார்களாம். நான் கேட்கவேயில்லை.

அதற்குள் தகப்பனார் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். அவர்களுடைய தகரக் கொட்டகைக்குப் போனேன். சிமெண்ட் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள் அந்தப் பெண். படிப்பு வராதுன்னு நீங்கதானே டீச்சர் எழுதினீங்க என்றார் அவள் அப்பா, தமக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச நம் பாஷையில். நான் விளக்கியது அவருக்குப் புரியவில்லை, தவறு என்னுடையது என்று கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன்; அது என்ன சொல்லித் தொலைத்ததோ, மகளைத் திட்டத் தொடங்கிவிட்டார். தலைமையாசிரியரோ, உங்க கையெழுத்துதானே மேடம், இப்ப நான் என்ன பண்றது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேறு கட்டட வேலைக்கு வேறு ஊர் போகிறார்கள், எந்த ஊரென்று அவர்களுக்கே தெரியாது. பிறகு அந்தப் பெண்ணை நான் எங்கே போய்த் தேடுவேன்?

கெஞ்சிப் பழக்கமில்லாதவள் கெஞ்சுகிறேன். இந்தக் கடிதத்தைப் படமெடுத்து இன்றே அனுப்புகிறேன். பத்தும் சரி, தவறு டீச்சருடையது, பெண்ணைப் படிக்க வையுங்கள் என்று, நீ அங்கே கற்றுக்கொண்ட அவர்கள் மொழியில் உன் கைப்பட எழுதி, சனிக்கிழமைக்குள் படமாக அனுப்பு. அதை எழுத்தெழுத்தாகப் பார்த்து அந்த விடைத்தாளிலேயே எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுப்பேன்.

இருவரும் நன்றாக இருங்கள். என் ஆசிக்கு இப்போது என்ன மதிப்போ, இருந்தாலும் அனுப்புகிறேன். மறந்துவிடாதே, எந்தப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்க வேண்டுமென்று அம்புக்குறி போட்டுக் காட்டு. இந்த முறை கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா