மீர்டாம் தூக்குப்பாலத்தில் காத்திருக்க அனுமதி கேட்டு

அனுப்புநர்:
வீபே டால்ஸ்ட்ரா,
'காதரினா' சரக்குப் படகின் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
(குடியிருப்பு படகிலேயே, தபால் மட்டும் வெஸ்டர்ஹேவன் துறைமுக அலுவலகம் வழியாக)

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
நீர்வழி மற்றும் பாலங்கள் பிரிவு,
மாகாண அலுவலகம்.

பொருள்: மீர்டாம் தூக்குப்பாலம் – காத்திருப்புத் துறை – செவ்வாய், வெள்ளி மாலைகளில் ஒரு மணி நேரம் படகைக் கட்டி நிற்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் எச்சரிக்கைக் கடிதம், நாள் 27.06.2022.
2. மீர்டாம் முதியோர் இல்லத் தலைவியின் கடிதம், நாள் 06.07.2022 (நகல் இணைத்துள்ளேன்).

மதிப்பிற்குரிய ஐயா,

பாலம் திறக்கத் தாமதமாகிறது என்று தங்களுக்கு நாள்தோறும் புகார் வந்துகொண்டிருக்கும். பாலம் உடனே திறந்துவிடுகிறது என்று புகார் எழுதும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று ஓரமாக வைத்துவிடாமல், கடைசி வரை படித்துப் பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

1. எனக்கு வயது அறுபத்தெட்டு. 'காதரினா' அறுபத்தேழு மீட்டர் நீளம். அறுநூற்றைம்பது டன் ஏற்றும். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மாட்டுத் தீவனம் ஏற்றி வடக்கே போவேன். மீர்டாம் பாலத்துக்கு மாலை நான்கு மணிவாக்கில் வந்து சேருவேன். மறுநாள் விடிகாலையில் காலிப் படகாகத் திரும்புவேன். கூட இருப்பவர் என் மைத்துனர் சூர்ட் ஒருவர்தான்.

2. கடந்த மார்ச் மாதம் வரை, மாலை நான்கு முதல் ஐந்தரை வரை அந்தப் பாலம் படகுகளுக்குத் திறக்காது. பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களும் அலுவலகம் விட்டு வருபவர்களின் கார்களும் கடந்து முடிய வேண்டும். நாங்கள் பாலத்துக்குத் தெற்கே காத்திருப்புத் துறையில் படகைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம். அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் திட்டாத திட்டு இல்லை. அதை நீக்கக் கோரி 2009-ஆம் ஆண்டு படகுக்காரர்கள் சேர்ந்து தங்கள் அலுவலகத்துக்குக் கொடுத்த மனுவில் ஏழாவது கையெழுத்து என்னுடையது. கோப்பில் இருக்கும், தாங்கள் எடுத்துப் பார்க்கலாம். அப்போது என் மனைவி ரென்ஸ்கே என்னோடு படகில் இருந்தாள். எங்களுக்கு எங்கே போனாலும் அவசரம்.

3. ரென்ஸ்கே நாற்பத்தொரு வருடம் என்னோடு இந்தப் படகில் ஓடியவள். நான் சுக்கானைப் பிடிப்பேன். கரையில் இறங்கிக் கயிறு கட்டுவது அவள். பிறகு மறதி நோய் வந்தது. ஒரு நாள், படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே கரை வந்துவிட்டதென்று நினைத்துத் தண்ணீரில் காலை வைத்துவிட்டாள். சூர்ட் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தாள். அதன்பின் அவளைப் படகில் வைத்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு மீர்டாம் முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். அதைவிட வசதியான இல்லங்கள் இருந்தன. இந்த இல்லத்தின் தோட்டம் காத்திருப்புத் துறையில் வந்து முடிகிறது என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

4. என் முகம் அவளுக்கு மறந்து இரண்டு வருடம் ஆகிறது. இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை, துக்கம்தான். ஆனால் அவள் கைகளுக்கு ஒன்றும் மறக்கவில்லை. நான்கு மணிக்கு வேலைக்கு வரும் பராமரிப்பாளர் மிர்த்தா அவளைக் கைபிடித்துத் துறைக்கு அழைத்து வருவார். படகு நின்றதும் நான் கயிற்றை வீசுவேன். ரென்ஸ்கே அதைப் பிடித்து, கரையிலுள்ள இரும்புத் தூணில் மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, என்னைத் திட்ட ஆரம்பிப்பாள்.

"யாருய்யா நீ, எந்த ஊருப் படகு? கயிற இப்படியா வீசுவாங்க? என் வீட்டுக்காரர் வீசினா நேரா கையில வந்து விழும், தெரியுமா?" என்பாள். "தப்புதாம்மா, தொழிலுக்குப் புதுசு" என்பேன் நான். "புதுசாம்ல! மண்டையெல்லாம் நரைச்சுக் கெடக்கு, புதுசாம்!" என்று மிர்த்தாவைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் திட்ட வேண்டும் என்பதற்காகவே நான் பல நாள் கயிற்றைக் கோணலாக வீசியிருக்கிறேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பிறகு துறையோரப் பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிப்போம். தன் வீட்டுக்காரரைப் பற்றி என்னிடமே சொல்லுவாள். முரட்டு ஆள், வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டார், ஆனால் குளிர்காலத்தில் தனக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டிவிடுவார் என்பாள். எல்லாம் உண்மை. பாலக் காவலர் ஓனே மேலே தன் கூண்டிலிருந்து ஒலிபெருக்கியில், "வீபே, நேரமாச்சுப்பா, அந்தம்மாகிட்ட வாங்கினது போதும், கெளம்பு" என்று கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்போம்.

5. ஏப்ரல் முதல் தேதி ஓனே ஓய்வு பெற்றார்; கூண்டு பூட்டப்பட்டது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் அறையில் உட்கார்ந்து, கேமரா வழியாகப் பதினொரு பாலங்களை இயக்குகிறார்கள். படகு எங்கே வருகிறது, என்ன வேகத்தில் வருகிறது என்பதெல்லாம் அங்கே தெரிகிறது. சாலை விளக்குகளோடு கணக்கிட்டு, போக்குவரத்தில் இடைவெளி விழும் நேரத்தில் பாலத்தைத் தூக்குகிறார்கள். கார்கள் நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. படகுகள் நிற்பதே இல்லை. ஏற்பாடு அருமையான ஏற்பாடு. ஊரே பாராட்டுகிறது, அதில் எனக்கு வழக்கு இல்லை.

6. அந்த முதல் நாள் வெள்ளிக்கிழமை. நான் துறையை நெருங்கும்போதே பாலம் மேலே ஏறிப் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால் போய்த்தான் ஆக வேண்டும். ரென்ஸ்கே துறையில் கயிற்றுக்காக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். நான் கடந்து போனேன். "யோவ், கயிறு! கயிற வீசுய்யா!" என்று அவள் கத்தியது சுக்கான் அறைவரை கேட்டது. சூர்ட் முன்பக்கம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அவள் கூடப்பிறந்தவள் அல்லவா.

7. மறுவாரம் இயக்க அறையைத் தொலைபேசியில் அழைத்து, ஒரு மணி நேரம் துறையில் நிற்கலாமா என்று கேட்டேன். காத்திருப்புத் துறை பாலத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு மட்டும்தான், பாலம் திறந்திருக்கும்போது அங்கே நிற்பது விதிமீறல் என்று மரியாதையாகவே சொன்னார்கள். அதைத் தாண்டி என் நீளத்துக்குப் படகு கட்டும் இடம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தீவன ஆலைக்கு ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஏப்ரல், மே முழுவதும் வாரம் இருமுறை அவளைக் கடந்து போய்க்கொண்டே இருந்தேன். கொஞ்ச நாளில் அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். கையை மட்டும் நீட்டுவாள்.

8. ஜூன் 14, செவ்வாய்க்கிழமை நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். ஒரு கிலோமீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறைத்தேன். என்னைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்ப் பாலத்தை இறக்கிவிடுவார்கள், சிவப்பு விழும், சட்டப்படி காத்திருக்கலாம் என்பது என் எண்ணம். பாலம் அதற்குள் தூக்கப்பட்டிருந்தது. ஆனால் இறக்காமல் எனக்காகப் பிடித்து வைத்துவிட்டார்கள். "காதரினா, என்னாச்சு? எஞ்சின் கோளாறா? ரோட்ல வண்டி சர்ச்சு வரைக்கும் நிக்குது" என்று வானொலியில் கேட்டார்கள். "ஆமாம், எஞ்சின் திணறுது" என்று பொய் சொன்னேன். சூர்ட் என்னைத் திரும்பிப் பார்த்து, "மச்சான், எஞ்சின் கடிகாரம் மாதிரி ஓடுது. யாரை ஏமாத்துற?" என்றார். சாலை பதினொரு நிமிடம் அடைபட்டுக் கிடந்தது.

அந்த வரிசையில் எதிர்க்கரையில் சைக்கிளோடு நின்றவர்களில் மிர்த்தாவும் ஒருவர். பாலம் இறங்காமல் அவரால் இல்லத்துக்கு வர முடியாது. இது எனக்குத் தோன்றவே இல்லை. பாலம் ஏறும்போது அடிக்கும் மணிச் சத்தம் கேட்டதும் ரென்ஸ்கே, அழைத்துப் போக ஆள் வராததால், சலவை அறைக் கதவு வழியாகத் தனியாகத் துறைக்கு வந்துவிட்டாள். நான் பார்க்கும்போது கரை விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. அவள் தண்ணீரில் காலை வைத்துவிடுவாளோ என்று பயந்தேன். சுக்கானை சூர்டிடம் கொடுத்துவிட்டு ஓடிப் போய்க் கயிற்றை எடுத்து வீசினேன். கயிறு கையில் இருந்தால் அவள் நின்ற இடத்தில் நிற்பாள் என்று நினைத்தேன். ஓடுகிற படகிலிருந்து கயிறு வீசக் கூடாதென்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா?

அன்றைக்குக் கயிறு நேராக அவள் கையில் போய் விழுந்தது. அவள் ஒரு தவறும் செய்யவில்லை. தூணில் மாட்டினாள், சரியாக மாட்டினாள், மிச்சக் கயிற்றைக் கையில் பிடித்தாள். அறுநூற்றைம்பது டன் படகு நிற்கவில்லை. கயிறு இறுகுவதைப் பார்த்து என் பக்கத்து முனையை அவிழ்த்துவிட்டேன். அது துள்ளி அவளைக் கீழே தள்ளியது. மணிக்கட்டு முறிந்தது. அவள் விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே பாலத்தின் அடியில் போனேன். படகை ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் கட்டிவிட்டு நான் திரும்பி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. மிர்த்தாதான் பாலம் இறங்கியதும் ஓடிப் போய்த் தூக்கியிருக்கிறார். இயக்க அறைக்காரர் மேல் குற்றமில்லை, இல்லத்தின் மேலும் இல்லை. பாவம் என்னுடையது.

9. தங்கள் எச்சரிக்கையை முழுவதுமாக ஏற்றுக்கொள்கிறேன். அதை ரத்து செய்யும்படி இந்த மனுவில் நான் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மாலை நான்கு முதல் ஐந்து வரை, பாலம் திறக்கக்கூடிய நிலையில் இருந்தாலும், காத்திருப்புத் துறையில் நிற்க எனக்கு எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். எனக்காக ஒரு கார்கூட ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம். ஐந்து மணிக்குமேல் சாலையில் எப்போது இடைவெளி விழுகிறதோ அப்போது கூப்பிட்டால் போதும். ஏழரைக்குக் கூப்பிட்டாலும் போவேன். தீவன ஆலைக்காரரிடம் பேசி, தாமதமாக இறக்க ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். துறையில் இரண்டு படகுகளுக்கு இடம் உண்டு. வேறு படகு வந்தால் உடனே விலகிக்கொள்கிறேன்.

இல்லத்தார் இப்போது தோட்டக் கதவைப் பூட்டிவிட்டார்கள். படகு அசையாமல் நிற்கும் என்று தங்கள் அலுவலகம் எழுதிக் கொடுத்தால், இரண்டு பேர் துணையோடு அவளைத் துறைக்கு அழைத்து வருவதாகத் தலைவி எழுதியிருக்கிறார். படகை சூர்ட் முதலிலேயே முன்னும் பின்னும் கட்டிவிடுவார். அதன்பின் தனியாக ஒரு மெல்லிய கயிற்றை நான் வீசுவேன். அதன் மறுமுனை படகில் எதிலும் கட்டியிருக்காது. அவள் அதைத் தூணில் மாட்டி இழுத்துப் பார்ப்பாள், என்னைத் திட்டுவாள். அவ்வளவுதான்.

10. தங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில், மற்ற குடும்பத்தாரைப் போல நானும் சாலை வழியாகச் சென்று மனைவியைப் பார்க்கலாமே என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான யோசனை. ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போனேன். நல்ல கோட்டு போட்டுக்கொண்டு போனேன். அவள் ஜன்னலோரம் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். "வாங்க ஐயா, உக்காருங்க, ரொம்பத் தூரத்துலேருந்தா வர்றீங்க?" என்று கேட்டு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். திட்டவில்லை. நாற்பத்து நான்கு வருடத்தில் அவள் வாயிலிருந்து எனக்கு 'ஐயா' வந்தது அன்றைக்குத்தான். அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினோம்.

எழுந்தபோது என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, பெரிய மனுஷரா தெரியறீங்க, ஒரு உதவி செய்வீங்களா? அந்தப் பாலத்து அதிகாரியைப் பார்த்தா சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் படகு வருது. தொறந்து கெடந்தா அவர் பாட்டுக்குப் போயிடுவார், நிக்கத் தெரியாத மனுஷன். கொஞ்ச நேரம் அவரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கின்படி, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே தங்களிடம் சேர்க்கிறேன். தயவுகூர்ந்து ஆவன செய்யுங்கள்.

பணிவுடன்,
(கையொப்பம்)
வீபே டால்ஸ்ட்ரா

இடம்: 'காதரினா' படகு, வெஸ்டர்ஹேவன்
நாள்: 11.07.2022, திங்கட்கிழமை