சீனி வருத்தக்கார மாப்பிள்ளை

1955 ஓகஸ்ட் 8, திங்கள்

கச்சான் காற்று. முற்றத்து மண்ணில் பாதி என் வாய்க்குள். சுபஹு தொழுதுவிட்டுப் பெட்டி கட்டினேன். சாரன் நான்கு. கோட் ஒன்று, என் நிக்காஹ்வுக்குத் தைத்தது. வயிறும் பொத்தானும் இப்போது பேசிக்கொள்வதில்லை. தேசிக்காய் ஒரு பை, குமட்டினால் மணக்க. கூடப் பிறந்த ராத்தா கட்டித் தந்த சோறு, ஒரு படைக்குப் போதும்.

ராத்தா வாசலில் நின்று: "அளவாக் கதை தம்பி. மாஸ்டர் உன்ன அளக்கத்தான் கூட்டிப் போறாரு."

அதுதான் விஷயம். இஸ்மாலெவ்வை மாஸ்டர் பஸ் பிடித்து ஊராருக்கு நாடு காட்டப் போகிறார். பொலன்னறுவை, சீகிரியா, கண்டி, நுவரெலியா, பதுளை. அவர் தங்கை சுலைஹாவும் பஸ்ஸில். அவள் விதவை, மாப்பிள்ளை மௌத்தாகி நான்கு வருடம். சாய்ந்தமருதில் கல்வீடு, கிணறு, தென்னைகள். என் மனைவி மௌத்தாகி மூன்று வருடம். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. ஆண் அங்கே போய்த் தங்குகிற விருந்தாளி. அவள் போனாள், வீடு அவள் தங்கச்சி மகளுக்கு, விருந்தாளி பெட்டியோடு ராத்தாவின் முன்னறைக்கு. சாகாமக் குளத்துத் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்ட வட்டவிதானை, இன்று ஒரு ஜன்னலுள்ள சாம்ராஜ்யத்துக்கு மன்னன்.

மாஸ்டர் ராத்தாவிடம் சொன்னாராம்: "ஆள நான் பாக்கிறன். கதைய அவ கேக்கட்டும். புடிச்சா முடிப்பம்."

பஸ்ஸின் பின்பாதி பெண்களுக்கு. நடுவில் சீலைத் திரை. திரைக்கு முந்திய ஆசனம் எனக்கு. பக்கத்தில் சோறு ஆக்கும் இரண்டு கிடாரம், ஒரு பாய்க்கட்டு. கிடாரங்கள் நல்ல குடும்பம். பேச்சுக் குறைவு.

மட்டக்களப்பு தாண்டியதும் திரைக்குப் பின்னால் யாரோ ஓங்காளிக்கும் சத்தம். மருத்துவிச்சி பாத்துமுத்துவாக இருக்கும். எழுபது வயதில் பஸ் ஏறினால்?

ஓகஸ்ட் 9, செவ்வாய்

பொலன்னறுவை. வெயில் எண்ணெய் மாதிரி ஊற்றியது. மாஸ்டர் விசில் ஊதுவார், இறங்குவோம்; விசில் ஊதுவார், வியப்போம்.

பராக்கிரம சமுத்திரம். பெரிய குளம்தான். மனதுக்குள் ஒப்புக்கொண்டேன், வெளியே இல்லை. பஸ்ஸில் ஏறியதும் குரலை உயர்த்தி, "ராசா இத வெட்டி முடிச்சிட்டுத் தண்ணி இல்லாம அழுதாராம். எங்கட வாப்பாட வாப்பாட வாப்பாதான் சாகாமத்தில இரிந்து ஒரு குடம் அனுப்பின. குடம் இன்னும் திரும்பி வரல்ல" என்றேன்.

ஆண்கள் பக்கம் பழைய முனகல். திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு!

குடத்துக்குள் கூழாங்கல் உருண்டது போல. இளம் சிரிப்பு. முப்பத்தைந்துக்கு மேல் மதிக்க ஏலாது. சுலைஹாதான்.

கல்லில் படுத்திருக்கும் பெரிய சிலை. அதன் நீளத்தை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

பின்னேரம் சீகிரியா. பாறையில் எழுதிய பெண்களின் சித்திரம். மாஸ்டர் "இது வரலாறு" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மூன்று தரம் திரும்பி வரலாறு பார்த்தார். உச்சியில் காற்று என்னைத் தூக்கி யாழ்ப்பாணத்துக்குமேல் கொண்டுபோய்த் திருப்பி வைத்ததாகப் பஸ்ஸில் அறிவித்தேன். மறுபடியும் சிரிப்பு. இரண்டு தரம்.

பயண மடத்தில் குடும்பத்துக்கு ஒரு அறை. எனக்கு? மாஸ்டர் தலையைச் சொறிந்து, "விதானையார், நீங்க ட்ரைவரோட..." பாண்டிருப்புச் செல்லத்துரை நல்ல பொடியன். படுத்ததும் குறட்டை.

ஓகஸ்ட் 10, புதன்

கண்டி. தூறல். வாவியைச் சுற்றி எல்லோரும் சோடி சோடியாக, பிள்ளைகளோடு. நான் ஒரு வாத்தோடு நடந்தேன். பாதியில் அதற்கும் சொந்தக்காரர் வந்தனர்.

கடைவீதியில் எல்லோரும் வாங்கினர். நானும் ஒரு ஆமையோட்டுச் சீப்பு. "நோனாவுக்கா?" என்றான் கடைக்காரன், வீட்டுக்காரிக்கா என்று. தலையில் எனக்கே முடி குறைவு. "ஓம்" என்றேன். அவன் அதைப் பூப்போட்ட கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டான். பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

இன்றைய பொய்கள்: யானை என்னிடம் ஸலாம் சொன்னது (சிரிப்பு). பேராதனையில் ஒரு மூங்கில் நான் பார்க்கும்போதே என்னைவிட வளர்ந்தது (நீளமான சிரிப்பு, கடைசியில் இருமல்). காரியம் கனிகிறது. சீகிரியாவை நாளைக்கு இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம்.

ஓகஸ்ட் 11, வியாழன்

நுவரெலியா ஏற்றம். பாதை பாம்புக்கு வயிற்றுவலி வந்த மாதிரி. ஒரு வளைவில் எங்கள் பஸ்ஸின் பின்பக்கத்தையே முன்னால் கண்டேன்.

றம்பொடைக்குக் கிட்ட, பின்னால் மறுபடியும் ஓங்காளம். கெட்ட ஓங்காளம். ஒரு பெண் குரல் மெதுவாக: "ஒருக்கா நிப்பாட்டச் செல்லுங்களேன்." யாருக்கும் கேட்கவில்லை. மாஸ்டர் மணிக்கூட்டையே பார்த்தபடி.

பெண் சத்தியெடுக்கிறாள் என்று நான் கத்தினால் முழு பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். முன் ஆசனத்து வாலிபர்கள் அதை மருதமுனை வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆகவே எழுந்தேன். "செல்லத்துரை, நிப்பாட்டு மனே! விதானைக்கு அவசரம்!"

சிரிப்பு என்றால் சிரிப்பு. மலை இரண்டு அடி தள்ளி நின்றது.

பின்கதவால் பெண்கள் இறங்கும் சத்தம். நான் தேயிலைக்குள் போய் அந்தப் பக்கம் பார்த்தபடி ஒன்றும் செய்யாமல் நின்றேன். ஏறும்போது கைலேஞ்சியில் தேசிக்காய் முடிந்து திரை ஓரத்தால் நீட்டினேன். "மணந்து பாருங்க." ஒரு கை வாங்கிக்கொண்டது. பாவம் மருத்துவிச்சி.

அந்த லேஞ்சி என் மனைவி ஓரம் தைத்தது. மூலையில் சிவப்பு நூல். கொடுத்த பிறகுதான் ஞாபகம். திருப்பிக் கேட்க வெட்கம்.

இப்படி மூன்று தரம் பஸ் நின்றது. மூன்றாம் தரம் மாஸ்டர் எழுந்து நின்று, "விதானையார், எத்தின வருசமா இந்த வருத்தம்?"

"எந்த வருத்தம்?"

"சீனி."

அடிக்கடி அவசரமென்றால் நீரிழிவாம். பிறகு எல்லோரும் வைத்தியர்கள். பாகற்காய் என்றார் ஒருவர். இன்னொருவருடைய மச்சானுக்குக் காலை எடுத்தார்களாம்.

நுவரெலியாவில் குளிர். பல் பல்லோடு சண்டை. வாவிக்கரையில் படம் பிடித்தார்கள். "குடும்பமா நில்லுங்க" என்றான் படக்காரன். ஒவ்வொரு குடும்பத்தோடும் போய் நின்று பார்த்தேன். கடைசியில் எல்லோருடைய சால்வைகளையும் வைத்துக்கொண்டு படக்காரனுக்குப் பின்னால் நின்றேன்.

மாஸ்டர் பக்கத்தில் வந்து, பகிடி இல்லாமல் சொன்னார்: "குறை நினைக்காதீங்க. தங்கச்சி ஒரு மாப்பிள்ளய நோயில பறிகுடுத்தவ. இன்னொருக்கா ஏலாது."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு கிழவியின் மானத்தை விற்று மாப்பிள்ளையாவதா என்று நினைத்தேன். நினைத்தது பெருமையாகத்தான் இருந்தது. குளிர் குறையவில்லை.

ஓகஸ்ட் 12, வெள்ளி

பதுளைப் பள்ளியில் ஜும்ஆ. பிறகு துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கு நடை. பெண்கள் குடை பிடித்து முன்னால்.

ஒரு குரங்கு மாஸ்டரின் தொப்பியை எடுத்துக்கொண்டு மரமேறியது. கூழாங்கல் சிரிப்பு! ஓடிப்போய்ப் பார்த்தேன். மருத்துவிச்சி பாத்துமுத்து, பல் ஒன்றுகூட இல்லாமல், குலுங்கிக் குலுங்கி.

"மருத்துவிச்சி, பஸ்ஸில சிரிச்ச நீங்களா?"

"ஓம் மனே. நீ நல்லாப் பொய் செல்றாய். நான் பஸ் ஹோன் அடிச்சாலும் சிரிப்பன்."

"அப்ப சுலைஹா?"

"ஐயோ அந்தப் புள்ள! ஏறின நாளில இரிந்து சத்தி. காதுல பஞ்சி வெச்சிட்டு என்ட மடியில கிடந்திச்சி. ஒரு சொல்லுக் கேட்டிருக்காது."

நீர்வீழ்ச்சி விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு உயரம் என்று யாரோ கேட்டார்கள். தெரியாது என்றேன்.

நான்கு நாள் பொய்கள், என் வாழ்க்கையின் ஆகச் சிறந்தவை, ஒரு மருத்துவிச்சிக்கும் இரண்டு கிடாரத்துக்கும். தேசிக்காய் வாங்கிய கை சுலைஹாவுடையது.

பஸ் ஏறும்போது மாஸ்டர் எல்லோரையும் கேட்டார்: "மலையில தேசிக்காய் குடுத்த ஆர்? தங்கச்சி கேக்கிறா."

"நான்தான்."

"ஓம் ஓம். பராக்கிரம சமுத்திரத்துக்குத் தண்ணி குடுத்ததும் நீங்கதானே."

முழு பஸ்ஸும் சிரித்தது. மருத்துவிச்சியும். அவ எதற்கும் சிரிப்பா.

ஓகஸ்ட் 13, சனி

பிபிலை வழியாக ஊர். ஒரு வார்த்தையும் பேசவில்லை. செல்லத்துரை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான், நான் இறங்கிவிட்டேனோ என்று.

இறங்கும் இடத்தில் எல்லோருக்கும் ஆட்கள் வந்திருந்தனர். என் பெட்டியை நானே வரவேற்றேன்.

ராத்தா: "என்ன செல்றாரு மாஸ்டர்?"

"நாடு வடிவு எண்டாரு."

ஓகஸ்ட் 14, ஞாயிறு

கச்சான் அடங்கவில்லை. முன்னறையைக் கூட்டினேன். மறுபடியும் மண்.

அஸர் தொழுதுவிட்டு வந்தேன். வாசலில் மாஸ்டர். கையில் லேஞ்சி, கழுவி மடித்து.

"ட்ரைவரிட்டக் காட்டினன். தன்ட இல்லயாம். இது உங்கடதா எண்டு தங்கச்சி கேட்டு வரச் சொன்னா."

"ஓம்."

மாஸ்டர் காத்துக்கொண்டிருந்தார். இந்த லேஞ்சியைப் பாரசீக ராசா தந்த கதை வரும் என்று நினைத்திருப்பார். வரவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்டுமில்ல."

"அப்ப சீனி வருத்தம்?"

"இல்ல."

"பின்ன மலையில எதுக்கு மூண்டு தரம்..." பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த லேஞ்சியைப் பார்த்தார். மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

ராத்தா உள்ளே இருந்து கேட்டா: "தேத்தண்ணிக்கு எத்தின கரண்டி சீனி?"

எனக்கு எப்போதும் ஒன்று.

"நாலு!" என்று குரல் கொடுத்தேன். தேத்தண்ணி வந்தது. மாஸ்டர் என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.