கேட்டு வாங்கின உரிமை

சோனகத் தெரு,
யாழ்ப்பாணம்.

அன்பு மகன் ஜெஸீமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகமாயிருக்கிறோம், நீயும் ஷம்னாவும் என் பேத்தியும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வாப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு, சைக்கிளிலேயே பள்ளிவாசலுக்குப் போய் வருகிறார். போனில் சொன்னால் "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்குப் போகப் போவதில்லை என்று உன் தங்கச்சி நிலூபா சொன்னாள். பிள்ளை அங்கே பிறந்ததால் பிறந்த அன்றே குடிமகள், நான் கேட்டு எடுத்தாலும் ஒட்டவைத்த ஆள்தான் என்றாயாம். சட்டத்தில் என்ன வித்தியாசம் என்று அவளிடமே கேட்டேன். "ஜெஸீம் நானா அங்கை ஜனாதிபதியா வரேலாது, பொய் சொல்லி எடுத்தால் பறிப்பாங்கள், மற்றதெல்லாம் ஒண்டுதான் உம்மா" என்றாள். நீ ஜனாதிபதியாகவா போனாய்? பொய்யும் உனக்கு வராது. பிறகென்ன?

பிறந்த உரிமையை நான் கண்டவள் மகன். இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த முஸ்லிம்கள் எங்களைத் தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் உடுத்த உடுப்போடு வெளியேற்றினார்கள், அப்போது நீ என் வயிற்றில். அகதியாய்ப் போன புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, குடியிருப்பாளராகப் பதியப் போனால், அலுவலகத்தில் இருந்தவர், "நீங்கள் இப்ப புத்தளத்து ஆக்கள்தானே, அங்கையே பதியுங்கோவன்" என்றார். "நான் இஞ்சை பிறந்தனான், இஞ்சைதான் பதிவன்" என்றேன். முடியாது என்று அனுப்பினார். அடுத்த கிழமையும் போனேன், அதற்கடுத்த கிழமையும் போனேன். கடைசியில் எங்கள் பழைய அயலவர் தங்கமுத்து அக்கா அரியாலையிலிருந்து பஸ் ஏறி வந்து மேசைக்கு முன்னால் நின்று, "இவ பிறக்கேக்கை இவவின்ரை தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என்ரை ஐயா. இவ யாழ்ப்பாணத்தாள் இல்லையெண்டால் நானும் இல்லை" என்றா. பதிந்தார்கள். புத்தளத்தில் பிறந்த உன் பேரையும் சேர்த்தே பதிவித்தேன். நீ ஒட்டவைத்த யாழ்ப்பாணத்தான் என்று யாராவது சொன்னார்களா? பிறப்பால் கிடைத்ததை ஒரு பகலில் பறித்தார்கள், கேட்டு வாங்கினதில்தான் இன்றைக்கும் குடியிருக்கிறேன்.

ஆகையால் நீ போகிறாய், இதில் கதைக்க ஒன்றுமில்லை. அதற்கு முன் இலங்கைக் குடியுரிமையையும் விடாமல் வைத்திருக்க விண்ணப்பித்துவிடு, இந்த வீட்டில் உனக்கும் பங்கு உண்டு. நேர்காணலில் கேட்டதற்கு உள்ளதைச் சொல்லு. ஷம்னாவுக்கு என் சலாம், பேத்திக்கு முத்தம். அல்லாஹ் உங்கள் மூவரையும் காப்பானாக.

மறக்காதே, குடியுரிமைச் சத்தியம் எடுக்கும்போது வாய்க்குள் முணுமுணுக்காதே, கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்.

உன் நினைவோடு,
உம்மா அஸீஸா