ஜன்னலைச் சாத்தியவளுக்கு

இன்று காலை நாளிதழைப் பிரித்ததும் மடியில் ஒரு வண்ணத் துண்டறிக்கை விழுந்தது. அந்தமான் ஐந்து நாள் சுற்றுலா. நீலக் கடல் படத்துக்குக் கீழே, 'காட்டுவாசிகளை மிக அருகில் காணலாம்' என்று போட்டிருந்தார்கள். மிருகக்காட்சி சாலைக்கு ஆள் கூப்பிடுவதுபோல. கிழித்துப் போட்டேன்.

நாம் இருவரும் தி. நகர் சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஆட்களை அழைத்துப் போன நாட்களில், அந்தத் தீவுகளை உன்னைப்போல் யாரும் நேசித்ததில்லை. படகு அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிடுவாய். கடைத்தெருவில் வங்காளமும் தெலுங்கும் தமிழும் கலந்து காதில் விழும்போது, "நம்ம ராயப்பேட்டை மாதிரியே கீதுடி" என்பாய்.

அந்தக் கடைசிப் பயணத்தில், அங்கத்திய பழங்குடிகளான ஜாரவா மக்களின் காட்டு வழியே நம் பேருந்து போய்க்கொண்டிருந்தது. சாலையோரம் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். நம்மோடு வந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பிஸ்கட் பொட்டலத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஆடிக் காட்டச் சொன்னார். பேருந்தே சிரித்தது. நீ எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாய்.

"இது அவங்க வீடு சார். உங்க வீட்டு வாசல்ல எவனாவது வந்து உங்க பொண்ண ஆடச் சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

சென்னை திரும்பியதும், நீ தன்னைக் கைநீட்டி அடித்ததாக அந்த அதிகாரி புகார் கொடுத்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நீ பக்கத்திலேயே நின்றிருந்தாய். தூங்கிவிட்டேன், எதையும் பார்க்கவில்லை என்றேன். அன்றே உன்னை வேலையிலிருந்து அனுப்பினார்கள். உன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

நீ நோயில் விழுந்த பிறகு அடையாறு மருத்துவமனைக்கு வாரம் தவறாமல் வந்தேன். சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன், ஊர்க்கதையெல்லாம் பேசினேன். அதை மட்டும் பேசவில்லை. போன ஆடியில் நீ போய்விட்டாய்.

இன்று மதியம் உன் மகளைப் போய்ப் பார்த்தேன். 'உன் அம்மா அந்த அதிகாரியைத் தொடவே இல்லை, நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்' என்று அவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"பஸ்ல ஜன்னலைச் சாத்தினப்பவே அம்மா உங்களத் திரும்பிப் பாத்தாங்களாம் ஆன்ட்டி, நீங்க முழிச்சிட்டுதான் இருந்தீங்களாம். ஆஸ்பத்திரில ஒவ்வொரு வாட்டியும் நீங்க கிளம்பினப்புறம், 'இன்னிக்கும் அவ சொல்லல'ன்னு சொல்லுவாங்க."

பிஸ்கட் நீட்டியவர்மேலும், சிரித்தவர்கள்மேலும், முதலாளிமேலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம். ஆனால் திட்ட வாயெடுத்தால், முதலில் வருவது என் பெயர்தான்.