பார்த்தேன் என்று சொல்லாத சாட்சி

திருவேங்கடத்தின் உச்சியில் நின்று யாவரையும் யாவற்றையும் காணும் பெருமானின் திருவடிகளைத் தொழுது இம்மடலைத் தொடங்குகிறேன். "பெட்டிஷன்ல கூட சாமி பேரு போடாம ஆரம்பிக்க மாட்டீங்களே!" என்று தாங்கள் சிரிப்பது காதில் விழுகிறது.

வக்கீல் ஐயா,

இன்று காலை பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வேலூர்க்காரர் வாடகை ஒப்பந்தத்தோடு வந்தார். "சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போடுங்க சாமி. படிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் கம்ப்யூட்டர்ல வர்றதுதான்" என்றார். நான் அவரை உட்கார வைத்து முழுவதும் படித்தேன். என் எதிரே அவரைக் கையெழுத்திடச் செய்தேன். அதன் பிறகே நான் இட்டேன். "உங்ககிட்ட வந்தா கையெழுத்துக்கு ஒரு மணி நேரம்" என்று முணுமுணுத்தபடி போனார். அவர் போன பின்னும் முத்திரை மையின் வாசனை விரலில் இருந்தது. சித்தூர் நீதிமன்றத்தில் தங்கள் மேசை மீது வீசிய அதே வாசனை.

அந்த உயில் வழக்கை இதுவரை நான் யாருக்கும் எழுதியதில்லை. தங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆயினும் என் பக்கத்திலிருந்து ஒரு முறை சொல்லிவிட வேண்டும்.

கார்வேட்டிநகரத்துத் துரைசாமி என்னோடு ஒரே பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். மூத்த மகன் பெங்களூரில்; இளைய மகன் இறந்துபோக, அவன் மனைவி வசந்தாதான் கிழவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். ஒரு நண்பகலில் அவர் தம் அண்டை வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு திருப்பதியில் என் வீட்டுக்கு வந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளை எடுத்தார். "இது என் உயில். இதுல இருக்கிற கையெழுத்து என்னுதுதான். வீடு வசந்தாவுக்கு. நீங்க ரெண்டு பேரும் சாட்சி போடுங்க" என்றார்.

நான் தாளை வாங்கிப் பெருமாள் படத்தின் முன் வைத்து வணங்கிவிட்டு, அவர் எதிரிலேயே கையெழுத்திட்டேன். அண்டை வீட்டுக்காரரும் இட்டார். படித்துப் பார்க்கவில்லை. நம் பக்கத்தில் பெரியவர் ஒருவர் மஞ்சள் தடவிக் கொண்டுவந்த தாளை வரிவரியாகப் படிப்பது அவரைச் சந்தேகிப்பதாகும் அல்லவா? மரியாதை என்று எண்ணி நான் செய்த பிழை அது.

இரண்டாண்டில் துரைசாமியும் போனார், அண்டை வீட்டுக்காரரும் போனார். உயில் பொய் என்று மூத்த மகன் வழக்குத் தொடுத்தான். எஞ்சிய சாட்சி நான் ஒருவன். வசந்தா வந்து வாசலில் நின்றாள்.

"சாமி, மாமா கையெழுத்து போட்டப்ப நான் பாத்துக்கினு இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லாட்டி வீடு போயிடும்னு பத்திரம் எழுதறவரு சொல்றாரு."

"நான் பார்க்கலையேம்மா. போட்டு எடுத்துக்கொண்டல்லவா வந்தார்?"

"என் கையால துன்னுட்டுதான் அவரு கண்ண மூடினாரு. அது பொய்யா சாமி?"

மறுநாளே தங்களைக் காணச் சித்தூருக்கு ரயிலேறினேன். பாகாலாவில் வண்டி நின்ற நேரமெல்லாம் அவள் கேட்டதே காதில் இருந்தது. தாங்கள் அவளுடைய வக்கீல். எனக்கோ நாற்பதாண்டு நண்பர். நடந்ததை முழுவதும் சொன்னேன். தாங்கள் வழக்கைப் பேசாமல் சொல்லைப் பேசினீர்கள்.

"சாட்சின்னா என்ன சாமி? உங்க சமஸ்கிருதம் என்ன சொல்லுது?"

"அக்ஷி என்றால் கண். கண்ணோடு கூடியவன், நேரே கண்டவன் சாட்சி. உள்ளத்தில் இருந்து நம் செயலையெல்லாம் காண்பவனுக்கும் வேதாந்தத்தில் அதே பெயர். பழந்தமிழில் கரி என்பார்கள்."

"எங்க பைபிளோட கிரேக்க மூலத்துல சாட்சிக்கு இருந்த சொல்லே, பிற்பாடு விசுவாசத்துக்காக உயிர் விட்டவனுக்கும் ஆச்சு. அதனாலதான் நாங்க இரத்தசாட்சின்னு சொல்றோம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, சித்தூர் கோர்ட்ல அவ்வளவு தூரம் போகாது" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வீடு போகுமா?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்ல மாட்டேன். எதைப் பார்த்தீங்களோ, எதைக் கேட்டீங்களோ, அதை மட்டும் சொல்லுங்க."

தங்கள் வீட்டம்மாள் கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன். அந்தக் கோபத்தை இன்று மன்னிக்கக் கேட்கிறேன்.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தபின் தெலுங்கில்தான் சாட்சி சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் உயிலை உயர்த்திக் காட்டினார். "துரைசாமி கையெழுத்திட்டதை நீங்கள் பார்த்தீர்களா?"

"இல்லை."

மன்றத்தில் சலசலப்பு. வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கள் கையெழுத்துக்கு மேலே 'எங்கள் கண்முன் கையொப்பமிட்டார்' என்று அச்சடித்திருக்கிறதே, பெரியவரே! அப்படியானால் அது பொய்யா?"

"அந்த வரி பொய். படிக்காமல் அதன் கீழே கையெழுத்திட்டேன். குற்றம் என்னுடையது, துரைசாமியுடையது அன்று."

அவர் வெற்றிப் புன்னகையோடு அமர்ந்தார். பிறகு தாங்கள் எழுந்தீர்கள். ஒரே ஒரு கேள்வி. "அந்தத் தாளைக் கையில் கொடுத்தபோது துரைசாமி உங்களிடம் என்ன சொன்னார்?"

சொன்னேன். அவர் சொன்ன சொற்களை அப்படியே சொன்னேன். அண்டை வீட்டுக்காரரும் உடனிருந்து கேட்டதையும், நாங்கள் இருவரும் துரைசாமியின் எதிரில் கையெழுத்திட்டதையும் சொன்னேன். நீதிபதி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். எதிர்த்தரப்பு வக்கீலின் புன்னகை மறைந்தது.

தீர்ப்பு வசந்தாவுக்கு ஆயிற்று. உயில் எழுதியவர் கையெழுத்திடுவதைச் சாட்சி காணாவிட்டாலும், 'இது என் கையெழுத்து' என்று அவரே சாட்சியிடம் சொல்லியிருந்தால் சட்டத்துக்கு அது போதும் என்று அன்று மாலைதான் சொன்னீர்கள்.

"முதல் நாளே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை? மூன்று வாரம் உணவு இறங்கவில்லை எனக்கு!"

"சொல்லியிருந்தா கூண்டுல நின்னு ஜெயிக்கிற வார்த்தையத் தேடியிருப்பீங்க. நடந்ததைத் தேடியிருக்க மாட்டீங்க. அப்புறம் அது உங்க சாட்சி இல்ல, என்னுது."

தங்களைச் சித்தூர்த் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது வசந்தாவும் வந்திருந்தாள். துரைசாமி எழுதிவைத்த அந்த வீட்டிலிருந்து புறப்பட்டு அந்த வீட்டுக்கே திரும்பிச் சென்றாள்.

நான் இன்றும் சுமந்திருப்பது இதுதான். உண்மை வெல்லுமா என்று தெரியாமலே அதைச் சொல்லிவிட்டு ஒருவன் நிமிர்ந்து நிற்கலாம்; நின்றிருக்கிறேன். முடிவை முன்கூட்டிக் கேட்கும் பழக்கம் அன்றோடு என்னை விட்டுப் போயிற்று.

தங்கள் துணைவியாரும் மக்களும் பேரர்களும், இம்மடலைப் படிக்க நேரும் அனைவரும், அவர்தம் இல்லங்களும் அச்சமின்றி மெய் பேசி, நோயின்றி நெடுநாள் வாழத் திருமகள் கேள்வன் அருள்புரிவானாக.